கல்கத்தா எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்கு ஆகாயக் கணக்கில் சுமார் 1,380 கிலோமீட்டர். ரயில் பாதையில் 1,660 அளவில் வரும். சாலையில் 1,700ஐ ஒட்டி. விமானம் ஏறினால் இரண்டே கால் மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டரை. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் என்றால் 26, 27 மணி நேரம்.

சென்னைக்கு வடக்கே தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பூங்கா பக்கம் டிக்கெட் போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறேன். அதனால் இந்த எண்களெல்லாம் எனக்கு மனப்பாடம். ஒடிசா, வங்காளம், பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே கம்பெனிகளில் வேலை பார்க்கும் பையன்கள் ஷிப்ட் முடிந்ததும் வருவார்கள். "அண்ணா, கொல்கத்தா ஃப்ளைட் கித்னா டைம்?" என்பதுதான் முதல் கேள்வி. வீட்டில் யாருக்காவது உடம்பு முடியவில்லை, தங்கைக்குக் கல்யாணம், தட்காலில் கிடைக்கவில்லை. விமானம் ஏற வேண்டிய அவசரம் இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும்.

இரண்டே கால் மணி நேரம் என்று மட்டும் நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை. ஒரு தாளை எடுத்து வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். முர்ஷிதாபாத் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூமிலிருந்து கவரைப்பேட்டைக்கு வண்டி பிடிக்க வேண்டும். அங்கிருந்து லோக்கல் ரயிலில் சென்ட்ரல், ஒன்றே கால் மணி நேரம். மெட்ரோவில் மீனம்பாக்கம், முக்கால் மணி நேரம். கவுண்டர் மூடுவதற்கு முன் போய்ச் சேர வேண்டும், அதனால் இரண்டு மணி நேரம் கையில் வேண்டும். பிறகு வானத்தில் இரண்டே கால். இறங்கி, பெட்டி வாங்கி, சியால்தா போய், லால்கோலா பக்கம் போகும் ரயிலுக்குக் காத்திருந்து, நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து போய், அங்கிருந்து ஊருக்கு டோட்டோ என்னும் மின்சார ரிக்‌ஷா. கூட்டிப் பார்த்தால் பதினான்கு, பதினைந்து மணி நேரம். வடக்கே போக வேண்டியவன் முதலில் தெற்கே எழுபது கிலோமீட்டர் போகிறான் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுவேன்.

கடையில் ஒரு கொக்கித் தராசு தொங்குகிறது. பையை மாட்டி எடை பார்த்துத்தான் அனுப்புவேன். பதினைந்து கிலோ பெட்டி, ஏழு கிலோ கைப்பை என்பது உள்நாட்டு விமானங்களின் வழக்கமான கணக்கு. ரயிலுக்குப் போகும்போது பெயிண்ட் வாளியில் துணிமணியை அடைத்து மூடிபோட்டுக் கொண்டுபோகும் பிள்ளைகள், விமானம் என்றதும் புதுப் பெட்டி வாங்கி அதற்குள் குக்கரையும் அம்மாவுக்கு எடுத்த புடவையையும் வைத்துக் கொண்டுவருவார்கள். தராசின் முள் பதினேழைக் காட்டினால், எதை எடுத்து வெளியே வைப்பது என்று அவர்கள் யோசிக்கும் நேரம் எந்தக் கால அட்டவணையிலும் வராது.

இந்த ஒரே கேள்வியைத் தினமும் கேட்டுக் கேட்டுத்தான், மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே இதற்குமுன் மனிதர்கள் எப்படிப் போனார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். இரண்டு நூற்றாண்டுக் கதையில் திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்த்தேன். இரண்டு நகரங்களுக்கு நடுவே இவ்வளவு தூரம், இவ்வளவு நேரம் என்று அச்சடித்த எண் எந்தக் காலத்திலும் ஒரு முழுப் பயணத்தைச் சொன்னதில்லை. அந்த எண் குறைந்தபோதெல்லாம், அதைக் குறைக்க உழைத்தவர்கள் இரண்டு நகரத்துக்கும் நடுவில் இருந்தவர்கள். அவர்களுக்கு அதனால் எவ்வளவு குறைந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

கடலிலிருந்து தொடங்குகிறேன். 1756 ஜூன் 20 அன்று வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவிடம் கல்கத்தா கோட்டை விழுந்தது. அந்தச் செய்தி மெட்ராஸ் ஜார்ஜ் கோட்டைக்கு வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 16 அன்று. ஏறத்தாழ எட்டு வாரம். கல்கத்தா கையை விட்டுப் போனது தெரியாமலேயே இங்கே கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரிகள் ஒரு முழு ஆடி மாதத்தைக் கழித்திருக்கிறார்கள். கிளைவும் அட்மிரல் வாட்சனும் கப்பல்களோடு புறப்பட அக்டோபர் 16 ஆயிற்று. அது வடகிழக்குப் பருவக்காற்று இறங்கும் நேரம். காற்று எதிர்த்து அடித்தது. வங்காளத்தின் ஃபல்தாவைத் தொட டிசம்பர் ஆகிவிட்டது. கல்கத்தாவைத் திரும்பப் பிடித்தது 1757 ஜனவரி 2. செய்தி வந்த நாளிலிருந்து எண்ணினால் நாலரை மாதம்.

பாய்க்கப்பல் காலத்தில் நேரத்தைத் தீர்மானித்தது காற்று. தென்மேற்குக் காற்றில் வடக்கே போவது சுலபம். ஐப்பசியில் அதே வழி மலையேறுவதுபோல. அன்றைய மெட்ராஸில் துறைமுகமும் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில், அலை உடையும் இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுபோய் ஏற்ற வேண்டும். பெரிய கப்பல்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அந்தப் படகோட்டிகள் கைகொடுக்காமல் ஒரு தளபதியும் மெட்ராஸ் கரையை விட்டுக் கிளம்பியிருக்க முடியாது.

தரைவழியில் தபால்காரர்கள் ஓடினார்கள். மெட்ராஸில் பொதுத் தபால் அலுவலகம் 1786இல் வந்தது. தோளில் பை, கையில் மணி கட்டிய கோல். ஒருவன் தன் எல்லைவரை ஓடி அடுத்தவனிடம் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவான். இரவில் காட்டுவழியாக இருந்தால் தீப்பந்தக்காரன் கூட வருவான். வழியெல்லாம் ஆறுகள். எங்கள் பக்கத்து ஆரணி ஆற்றில் தொடங்கி சுவர்ணமுகி, பெண்ணை, கிருஷ்ணா, கோதாவரி, மகாநதி. அன்று பெரிய ஆறுகளுக்குப் பாலம் இல்லை. வெள்ளம் வந்தால் பையோடு கரையில் உட்கார வேண்டியதுதான். நடுவில் கட்டாக் பகுதி நாகபுரி போன்ஸ்லே மராட்டியர் கையில் இருந்தது. 1803இல் அதைக் கும்பினி பிடித்த பிறகுதான், ஒரே அதிகாரத்தின் கீழ் மெட்ராஸிலிருந்து கல்கத்தாவரை கரையோரமாகப் போக முடிந்தது.

இன்று கைபேசித் திரையில் வரும் 1,380 என்ற ஆகாய தூரத்துக்குப் பின்னாலும் நடந்த கால்கள் உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கு அருகில் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்தார். நூறடி எஃகுச் சங்கிலி. அதை ஏறத்தாழ நானூறு முறை நீட்டிப் போட்டு, மர முக்காலிகளில் தாங்கி, சித்திரை வெயிலில் இரும்பு நீளுவதையும் கணக்கில் சேர்த்து அளந்தார்கள். முக்கோண அளவைப் பணி அங்கிருந்து தொடங்கியது. கல்கத்தாவில் பாரக்பூர் சாலையோரம் ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமையில் இன்னோர் அடிக்கோட்டை அளந்தது 1831–32இல். சங்கிலியைத் தூக்கியவர்கள், குன்றில் கொடி பிடித்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்கள் பெரும்பாலும் பெயரில்லாத கூலியாட்கள்.

இந்த வட்டாரத்துக்குத் தண்ணீர்வழி ஒன்றும் கிடைத்தது. 1806இல் பேசில் காக்ரேன் மெட்ராஸிலிருந்து எண்ணூர்வரை கால்வாய் வெட்டினார். பிறகு அது பழவேற்காட்டு ஏரியோடு சேர்ந்து வடக்கே கிருஷ்ணா கழிமுகத்து பெத்த கஞ்சம்வரை நீண்டது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில், நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டைப் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். பசித்த வயிற்றோடு மண் சுமந்தவர்கள் வெட்டிய கால்வாய்க்கு அன்றைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் அதில் மெட்ராஸுக்குப் போயின. காற்று இல்லாத நாளில் கரையில் நடந்தபடியே ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி கிழக்குப் பக்கத்துக் கிராமங்களுக்கு மெட்ராஸ் எவ்வளவு தூரம் என்பது அந்தக் கயிற்றைப் பிடித்தவனின் நடையில் இருந்தது.

கால்வாய் நீண்டுகொண்டிருந்த காலத்திலேயே தந்திக் கம்பியும் வந்தது. 1855 பிப்ரவரியில் தந்தியைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். கல்கத்தாவிலிருந்து மெட்ராஸுக்குத் தந்தி கொடுத்தால் அது கரையோரமாக வரவில்லை. முதலில் போட்ட கம்பி கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மெட்ராஸ் என்று நாட்டையே சுற்றி வந்தது. மின்சாரத்துக்கு அந்தச் சுற்று பெரிதல்ல. ஆனால் கரையோர ஊர்களின் தலைக்குமேல் ஒரு கம்பிகூட ஓடவில்லை.

ரயிலும் அப்படித்தான் சுற்றியது. 1870இல் பம்பாய்–கல்கத்தா பாதை ஜபல்பூரில் இணைந்தது. 1871இல் மெட்ராஸ் பாதை ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து ரயிலிலேயே கல்கத்தா போக நினைத்தவர் அரக்கோணம், கடப்பை, ராய்ச்சூர், பூனா என்று மேற்குக்கரைப் பக்கம்வரை போய், அங்கிருந்து அலகாபாத் வழியாகக் கிழக்கே திரும்ப வேண்டும். கிழக்குக் கடற்கரை நகரத்திலிருந்து இன்னொரு கிழக்கு நகரத்துக்குப் போக ஏறத்தாழ மேற்குக்கரையைத் தொட்டுத் திரும்பினார்கள். அதனால் நீராவிக் கப்பலுக்கு நல்ல கிராக்கி இருந்தது.

நேர்வழி வரத் தடையாக இருந்தவை அதே ஆறுகள்தான். 1893க்கும் 1896க்கும் நடுவே பெஜவாடாவிலிருந்து (இன்றைய விஜயவாடா) கட்டாக் வரை கிழக்குக் கடற்கரை ரயில்வே போட்டார்கள். 1899இல் மெட்ராஸ்–பெஜவாடா அகலப் பாதை இணைந்தது. கும்மிடிப்பூண்டியும் கவரைப்பேட்டையும் இருக்கும் பாதை அது. வடக்கே மகாநதிக்கும் ரூப்நாராயண் ஆற்றுக்கும் பாலம் வந்ததும், 1900இல் ஹவுரா மெயில் ஓடத் தொடங்கியது. எட்டு வாரத்துச் செய்தி இரண்டு, மூன்று நாள் பயணமாகச் சுருங்கியது. 1977 மார்ச்சில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் வந்து அதையும் ஒரு நாளும் கொஞ்சமும் ஆக்கியது. பாதை போட்ட நாளிலிருந்து எங்கள் ஸ்டேஷன்களைப் பெரிய வண்டிகள் கடந்துகொண்டேதான் இருக்கின்றன. மெயிலும் கோரமண்டலும் இங்கே நிற்பதில்லை. ஏற வேண்டுமானால் சென்ட்ரலுக்குத்தான் போக வேண்டும். ஏறிய வண்டி ஒரு மணி நேரத்துக்குள் புறப்பட்ட ஊரையே தாண்டிப் போகும்.

வானத்துக்கு வருகிறேன். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குச் சின்ன புஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு ஓட்டிவந்தார். லண்டன் தபால் கராச்சிவரை வரும், அதை இங்கே கொண்டுசேர்க்கத்தான் அந்த ஏற்பாடு. அடுத்த ஆண்டு கராச்சியிலிருந்து டெல்லி வழியாகக் கல்கத்தாவுக்கு இன்னொரு தடம் வந்தது. மெட்ராஸின் வானவழியும் கல்கத்தாவின் வானவழியும் சந்தித்த இடம் கராச்சி! தந்திக்கும் ரயிலுக்கும் நடந்ததே விமானத்துக்கும் நடந்தது. ஆட்சிக்கும் வியாபாரத்துக்கும் எந்த முனை முக்கியமோ அங்கேதான் கோடு முதலில் போகும்.

சுதந்திர இந்தியாவில், 1949 ஜனவரியில் இரவு விமானத் தபால் தொடங்கியது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த ஏற்பாடு இது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலிருந்தும் ராத்திரி ஒவ்வொரு விமானம் கிளம்பி, நள்ளிரவில் நாகபுரியில் இறங்கும். அங்கே தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடியலுக்குள் தத்தம் ஊருக்குத் திரும்பும். மெட்ராஸில் மாலை போட்ட கடிதம் மறுநாள் காலை கல்கத்தாவில். அதே விமானங்களில் குறைந்த கட்டணத்தில் ஆட்களும் போனார்கள். நள்ளிரவில் நாகபுரி ஓடுதளத்தில் பை தூக்கிய தொழிலாளிகள் நான்கு நகரங்களின் காலைப் பொழுதையும் சுமந்தார்கள். டகோட்டா விமானங்கள் போய் 1957இல் வைக்கவுண்ட், 1964இல் கேரவெல் ஜெட், பிறகு போயிங், ஏர்பஸ் என்று வர வர, வானத்து நேரம் இன்றைய இரண்டே காலுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாக அது பெரிதாகக் குறையவில்லை. ஜெட் வேகம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. நம்மால் இனிக் குறைக்க முடிந்தது தரையில் கழியும் நேரத்தைத்தான்.

இந்த வரலாற்றில் தேர்வாய் கண்டிகை எங்கே வருகிறது? இன்று எங்கள் ஊரைப் பற்றிப் பேசினால் எல்லோரும் சிப்காட்டைச் சொல்வார்கள். 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த இடம் ஊர்மக்கள் ஆடுமாடு மேய்த்த, விறகு பொறுக்கிய காட்டு நிலம். ஏரிகளுக்கு மழைநீர் வந்த வழியும் அதுதான். 2009ஐ ஒட்டித் தொழிற்பூங்கா வேலை தொடங்கியபோது அந்த நிலத்துக்காக ஊர் போராடியது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த ஊரின் வரலாறு முழுமையாகும். அங்கே வந்த மிஷ்லின் ஆலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் ரேடியல் டயர் செய்கிறார்கள். அந்த டயர்கள் உருளும் சாலைகளில் ஒன்று எங்களுக்குக் கிழக்கே போகும் கல்கத்தா நெடுஞ்சாலை. பழைய ஆட்கள் இன்னும் ஜி.என்.டி. ரோடு என்பார்கள், நடுவில் என்.எச். 5 ஆகி, இப்போது என்.எச். 16. தங்க நாற்கரத் திட்டத்தில் அகலமான பிறகு லாரி ஓட்டம் பெருகியது. அதை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை கம்பெனிகள்.

தண்ணீரும் எங்களைக் கடந்துதான் சென்னைக்குப் போகிறது. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் 2020 நவம்பர் 21 அன்று திறக்கப்பட்டது. கொள்ளளவு அரை டி.எம்.சி. சென்னையின் ஐந்தாவது குடிநீர் ஏரி என்பார்கள். கிருஷ்ணா நீர் கண்டலேறுவிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் கால்வாயில் வந்து ஊத்துக்கோட்டை எல்லையைத் தொடும். அதன் ஒரு பங்கு இங்கே நிரம்பும். சாலை, ரயில், தண்ணீர் மூன்றும் நகரத்துக்குப் போகும் வழியில் நாங்கள் இருக்கிறோம்.

நடுவில் இருப்பவர்களின் கணக்கு எவ்வளவு கனமானது என்பதை 2020 மே மாதம் பார்த்தேன். ஊரடங்கில் கம்பெனிகள் மூடின, வழக்கமான ரயிலும் இல்லை, விமானமும் இல்லை. ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போக வேண்டியவர்கள் இந்த நெடுஞ்சாலையில் வடக்கே நடந்தார்கள். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், சிலருக்குக் காலில் செருப்பு அறுந்திருந்தது. ஆந்திர எல்லைவரை போய்த் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள் உண்டு. இரண்டே கால் மணி நேரம் என்று எல்லா விளம்பரமும் சொல்லும் தூரம், தபால்காரன் ஓடிய காலத்துக்கே ஒரு மாதத்தில் திரும்பிப் போனது. சுருங்கிய தூரம் சுருங்கியே இருக்கும் என்ற உறுதி யாருக்கும் கிடையாது. பணமும் அனுமதியும் இருக்கும்வரைதான் அது.

2023 ஜூன் 2 மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் பாலசோர் அருகே பஹாநகாவில் லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில் மோதியது. எதிரே வந்த பெங்களூரு–ஹவுரா வண்டியும் சிக்கியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். தெற்கே வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் அதில் ஏராளம். நிற்கக்கூட இடமில்லாத ஜெனரல் பெட்டியில் வந்தவர்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 11 அன்று எங்கள் கவரைப்பேட்டையிலேயே மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், அதேபோல் லூப் லைனில் நின்ற சரக்கு ரயிலில் மோதிப் பெட்டிகள் சாய்ந்தன. உயிர்ச்சேதம் இல்லை, காயம் பட்டவர்களை ஊர்க்காரர்களும் சேர்ந்து இறக்கினார்கள். ஒரு சிக்னலும் ஒரு பாயிண்டும் சரியாக இருந்தால்தான் 1,660 கிலோமீட்டரும் கடக்கும் தூரம்.

இதையெல்லாம் படித்தபிறகு எனக்கு ஒரு நம்பிக்கை உறுதியாகிவிட்டது. பயணத்தின் வரலாற்றை இரண்டு நகரங்களின் பெயரை வைத்து எழுதினால் பாதிதான் கிடைக்கும். மசூலாப் படகோட்டி, தபால்காரன், சங்கிலி தூக்கியவன், பஞ்சத்தில் மண் சுமந்தவள், ரயில் பாதையைப் பராமரித்த கேங்மேன், நாகபுரியில் பை தூக்கியவர், இன்று இங்கே டயர் செய்துவிட்டு ஜெனரல் பெட்டியில் ஊருக்குப் போகும் பிள்ளை, இவர்கள் எல்லோரும் உள்ளே வர வேண்டும்.

விமானத்தை இன்னும் வேகமாக்குவது பொறியாளர்கள் வேலை. தரையில் செய்யக்கூடியது ஒன்றை நானே சொல்வேன். வங்காளத்துக்கும் ஒடிசாவுக்கும் போகும் வண்டிகளில் ஒன்றுக்காவது கும்மிடிப்பூண்டியில் இரண்டு நிமிட நிறுத்தம் கொடுங்கள். அதில் முன்பதிவில்லாத பெட்டியைக் கூட்டுங்கள். தெற்கே போய் வடக்கே திரும்பும் அந்த மூன்று, நான்கு மணி நேரம் ஆயிரக்கணக்கான ஆட்களுக்கு ஒரேயடியாகக் குறையும். அன்று மகாநதிப் பாலம் செய்த வேலையின் ஒரு சின்னத் துண்டு அது. அது நடக்கும்வரை, கடைக்கு வருகிறவர்களுக்குத் தாளில் முழுக் கணக்கையும் எழுதிக்காட்டுவது என் வேலை.